இரண்டு பழைய போட்டும் ஒரு கல்யாணத் தேதியும்

தம்பி,

உன் கடிதமும் இரண்டு போட்டுகளின் படங்களும் வந்து சேர்ந்தன. நாங்கள் சுகமாக இருக்கிறோம். உன் அப்பாவின் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது, அவரை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற பிள்ளை, இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுகிற அம்மாவிடம், "இந்த ரெண்டு பாய்மரப் போட்ல எதைம்மா வாங்கலாம்?" என்று கேட்டு எழுதுகிறான். நீ விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பாய். ஆனால் அடுத்த தபாலில் வளர்மதியின் கடிதம் வந்தது, அதில் விளையாட்டே இல்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் எனக்கு எழுதியதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன், அவளுக்கும் அப்படித்தான் எழுதிவிட்டேன். "அத்தை, எந்த போட் என்று முதலில் உங்கள் மகன் முடிவு செய்யட்டும். கல்யாணத் தேதியை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாள்.  பெண் வீட்டில் நகை போதாது என்று நின்ற கல்யாணம் கேட்டிருக்கிறேன், சாதி தெரிந்து நின்ற கல்யாணம் கேட்டிருக்கிறேன். ஒரு போட்டை வைத்துக் கல்யாணம் தள்ளிப்போவது நம் தோட்டத்தில் இதுதான் முதல் தடவை.

சரி, விஷயம் இதுதான் என்றால் போட் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். வெள்ளையும் நீலமுமாக இரண்டு போட்டுகள் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிற்கின்றன. இரண்டும் நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் பைபர் கிளாசில் செய்தவை, வெள்ளைக்காரப் பட்டாளம் சிங்கப்பூரை விட்டுப் போனபோது கைமாறியவை என்று எழுதியிருந்தாய். நீளத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தண்ணீருக்குக் கீழே போகிற பாகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே சாதி இல்லை என்று எனக்கே தெரிகிறது. வெள்ளைக்கு அடியில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு கனத்த அடிக்கட்டை, நீ கீல் என்று எழுதியது, ஓடுகிறது. நீலத்துக்கு நடுவில் மட்டும் கத்தி மாதிரி ஒன்று கீழே இறங்கியிருக்கிறது, சுக்கான் தனியாகப் பின்னால் தொங்குகிறது. இவ்வளவு சின்னக் கத்தியை நம்பி எப்படி நிற்கிறது என்று நான் அந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

வெள்ளைப் போட்டைப் பற்றி நீ எழுதியதில் பாதி நக்கல்தான். அந்தக் காலத்தில் பைபரை யாரும் முழுசாக நம்பவில்லை, அதனால் மரப் பலகை அளவுக்குத் தடிப்பாக வார்த்திருக்கிறார்கள், காற்று குறைந்தால் எருமை மாதிரி நின்றுவிடும், துறைமுகத்துக்குள் பின்னுக்கு எடுக்கச் சொன்னால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது என்றெல்லாம் எழுதினாய். வளர்மதி எழுதியது வேறு. சுக்கானைக் கட்டிவிட்டாலும் நேராகப் போகும், அலையில் உடம்பை உலுக்காது, உள்ளே நாலு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, லீவு எடுத்துக்கொண்டு தீவு தீவாகப் போகலாம் என்று எழுதினாள். நீலத்தைப் பற்றி நீ எழுதும்போது உன் எழுத்தே சாய்ந்து ஓடுகிறது. மெல்லிய உடம்பு, உயர்ந்த பாய்மரம், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் புதுப் போட்டுகளைக்கூடப் பிடித்துவிடும், காற்றுக்கு எதிரில் ஏறிப் போகும். உள்ளே பாய் மூட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை, தெறிக்கிற தண்ணீரில் எப்போதும் நனையத்தான் வேண்டும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். அதுபற்றி வளர்மதி ஒரே வரிதான் எழுதினாள்: "அதில் அவரும் சேகரும் போவார்கள், நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்." சேகர் உன் பட்டறைக் கூட்டாளி என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளை கோபத்தில் எழுதுகிறாள் என்று அந்த வரியை அப்போது நான் தாண்டிப் போய்விட்டேன்.

என் முதல் தீர்ப்பை நீ கேட்டால் சிரிப்பாய். நானும் தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். பொழுது சாய்ந்தால் கொழுந்து மடுவத்தில் தராசு முன்னால் வரிசையில் நின்று, பாரம் எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை சொல்கிற அந்த ஒரு சொல்லுக்காக வாழ்ந்தவள். எங்களுக்குப் பாரம் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. வேறு கணக்கு கிடையாது. ஆகவே வெள்ளைதான் பாரம், வெள்ளைதான் நல்லது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள்கூட, "மருமக சொல்றதுதான் சரியாம்ல?" என்று என்னிடம் கேட்டார்கள். உன் அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஓடத்தானே போட்டு? படுக்கிறதுக்குத்தான் வீடு இருக்கே" என்றார்.

"ஓடி எங்க போகப் போறான்? சுத்திட்டு அதே எடத்துக்குத்தானே வரணும்?"

"நீ கொழுந்து நிரையில போயிட்டுத் திரும்ப அதே ரோட்டுக்குத்தான் வந்த. அதுக்காகப் போகாம இருந்தியா?"

இந்த மனிதரோடு வாயால் சண்டை போட்டு நான் என்றைக்கு ஜெயித்திருக்கிறேன்? செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். நான் இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைமடுவத்தில் காலியான பால்மா டின்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு டின்களை நெடுக்காக வெட்டினேன். ஒன்றின் அடியில் கூழாங்கற்களை முன்னிருந்து பின்வரை பரப்பி மெழுகை ஊற்றி ஒட்டினேன், அது வெள்ளை. மற்றதன் அடியில் பழைய கத்தி ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன், அது நீலம். ஈர்க்கில் பாய்மரம், தினசரித்தாளில் பாய். பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி இரண்டையும் விட்டு விசிறியால் வீசினேன். வெள்ளை சோம்பேறித்தனமாக நகர்ந்தது, ஆனால் நேராக நகர்ந்தது. நீலம் ஒரே பாய்ச்சலில் அந்தக் கரையில் போய் முட்டியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது, ஆனால் உன் அப்பா வாசலில் நின்றதால் தட்டவில்லை. பிறகு பிள்ளைகள் கையை விட்டு அடித்தார்கள், நீலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் குடித்து அடியில் போய் உட்கார்ந்தது. வெள்ளை ஆடிவிட்டு நிமிர்ந்தது. "பாத்தீங்களா?" என்றேன். "அதுக்குள்ள ஆள் இல்ல. ஆள் இருந்தா சாய விடுவானா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோற்றுப்போனவர் சொல்கிற சாட்டு என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆனாலும் அந்த நீல டின் பாய்ந்த பாய்ச்சல் என் மனதை விட்டுப் போகவில்லை. எது அதை அப்படி இழுத்தது? காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஓடுவது புரிகிறது. காற்றுக்கு எதிரில் ஏறிப் போகும் என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி? கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், எதிர்க்காற்று யாரையும் முன்னால் இழுத்து நான் பார்த்ததில்லை. லுணுகலைக்குச் சாமான் வாங்கப் போனபோது மீன்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் கேட்டேன். கிழக்கிலிருந்து வருகிற மீன் லொறியைத் தவிர நமக்கும் கடலுக்கும் வேறு என்ன உறவு? அவர் தராசைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"எனக்கு மீனைத் தெரியும், போட்டத் தெரியாது தங்கச்சி. பொத்துவில்ல என் மச்சான் இருக்கார். பைபர் போட்தான் வச்சிருக்கார். எஞ்சினுக்கு எண்ணெய் கிடைக்காட்டி பாய் கட்டித்தான் களப்புல போவார். ஊட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு ஒருக்காப் போய்ப் பாருங்களேன்."

போனோம், தம்பி! நம் ஆட்களைத் தேடி அடித்த அந்தக் கலவரத்துக்குப் பிறகு பஸ்ஸில் அவ்வளவு தூரம் நாங்கள் போனதில்லை. எனக்கு வழி முழுக்கப் பயம்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனாலும் போனோம். உன் அப்பா பஸ்ஸில் ஏறியதிலிருந்து, "ஒரு டின்னுக்காகவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், இறங்கியதும், கடல் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்பின் கரைக்கு எனக்கு முன்னால் நடந்தவரும் அவர்தான். அங்கே நானாவின் மச்சான் எங்களுக்காகக் காத்திருந்தார். என் கையிலிருந்த உன் படங்களை வாங்கி வெகுநேரம் பார்த்தார். நான் நினைத்ததற்கு மாறாக முதலில் பாய்மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மேல்தட்டைத்தான் விசாரித்தார். முன்பு பந்தயப் போட்டுகளைப் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை செய்தவராம். பந்தயப் போட்டுகளுக்கு மேல்தட்டில் பைபருக்கு நடுவே லேசான மரம் வைத்து வார்ப்பார்களாம், பாரம் குறைய. ஆணி முடுக்கிய துவாரங்கள் வழியே வருஷக்கணக்கில் தண்ணீர் இறங்கி அந்த மரம் ஊறிவிட்டால் போட் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பாரம் ஏறியிருக்கும், வேகமும் போய்விடும் என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். மழை நாளில் கொழுந்தில் தண்ணீர் நிற்கிறது என்று கணக்கப்பிள்ளை பாரத்தைக் கழிப்பாரே, அதற்காக நான் அவரோடு போட்ட சண்டை எத்தனை! எல்லாப் பாரமும் கொழுந்து இல்லை என்று தெரிந்த நானே போட்டைப் பாரத்தை வைத்து மெச்சியிருக்கிறேன். ஆகவே நீ போய் இரண்டு போட்டின் மேல்தட்டையும் ஒரு கட்டையின் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார். கணீரென்று கேட்கிற இடம் நல்ல இடம். பழுத்த பலாவைத் தட்டினது போல் மந்தமாகக் கேட்டால் அங்கே தண்ணீர் இருக்கிறது. நடக்கும்போது காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தாலும் அதே கதைதான். இதை வெள்ளைக்கும் செய், தடிப்பானது என்று சும்மா விட்டுவிடாதே.

பிறகு அவர், "ஏறுங்களன், பாப்பம்" என்றார். நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். அப்பா மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் நானாவின் மச்சான் பாயை விரித்தார். காற்று பிடித்த அந்த நிமிஷத்தை உனக்கு எப்படி எழுதுவேன்? எஞ்சின் இல்லை, யாரும் துடுப்புப் போடவில்லை, தண்ணீர் மட்டும் அடியில் சளசளவென்று ஓடுகிறது, கரையில் உன் அப்பா சின்னதாகிக்கொண்டே போகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. நீலப் போட்டைப் பற்றி எழுதும்போது உன் எழுத்து ஏன் அப்படிச் சாய்ந்து ஓடியது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து ஒரு பலத்த காற்று வந்து போட் சாய்ந்தது, தண்ணீர் விளிம்புவரை வந்தது. அவர் ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் பாய்க்கயிறுமாக இருந்தார், எழும்ப முடியாது.

"அம்மா, இஞ்சால வாங்க! இஞ்சால! உசந்த பக்கத்துல குந்துங்க!"

நான் எப்படிப் போனேனோ தெரியாது, உயர்ந்த பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்து பின்னுக்குச் சாய்ந்தேன். போட் நிமிர்ந்தது, தம்பி. என் உடம்புக்கு அது பதில் சொன்னது. நிமிர்ந்ததோடு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாகப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் அவர் சொல்வதற்கு முன்பே நான் பக்கம் மாறினேன். எதிர்க்காற்றிலும் போகலாம் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நேராகப் போக முடியாது, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சாய்ந்து சாய்ந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் சுக்கானைத் தள்ள, மற்றவர் பக்கம் மாற வேண்டியிருந்தது. "பந்தயப் போட்ல இது பத்து மடங்கு, அம்மா. முன் பாய்க் கயித்த ஒரு பக்கம் விட்டு மத்தப் பக்கம் இழுக்க வேற ஆள் வேணும். ரெண்டாவது ஆள் இல்லாட்டி அது ஓடாது" என்றார். படத்திலிருந்த வெள்ளைப் போட் மாதிரியானதை ஒருவரே ஓட்டலாமா என்று கேட்டேன். "ஓட்டலாம். சுக்கானக் கட்டிப்போட்டுட்டுத் தேத்தண்ணியும் குடிக்கலாம்" என்றார். இதைக் கேட்டதும் நான் தாண்டிப் போன அந்தக் குடை வரி என் முன்னால் வந்து நின்றது. வீடு வந்ததும் உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். பாய், கீல், மரம், கயிறு எல்லாம் இருக்கிறது. முன் பாய்க் கயிறு சேகர் கையில் இருக்கும் என்றும் இருக்கிறது. வளர்மதியின் அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் படகு ஓட்டியவர், சின்ன வயதிலிருந்தே அவள் அவரோடு கடலுக்குப் போனவள் என்று முன்பொரு கடிதத்தில் நீதானே பெருமையாக எழுதினாய்? அந்தப் பெண்ணிடம் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறாயா என்று நீ ஒரு தடவை கேட்டாயா?

உன் அப்பாவும் ஒரு பந்தயக்காரர்தான், உனக்குத் தெரியும். தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கிற கவ்வாத்துக் காலத்தில் இத்தனை செடி வெட்டினால் பெயர், அதாவது ஒருநாள் சம்பளம் என்று ஆண்களுக்குக் கணக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பா எல்லாருக்கும் முதலில் வெட்டி முடித்து, பகல் சோற்று நேரத்துக்கே கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்குவார். தோட்டத்தில் முதல் ஆள் என்று கங்காணியே சொல்வார். பெண்களுக்கு அந்தக் கணக்கு இல்லை, பொழுது சாயும்வரை நிரையில் நிற்க வேண்டும். நீ கைப்பிள்ளையாக இருந்த வருஷம் என்று நினைக்கிறேன், ஒருநாள் அவர் கீழே ரோட்டில் நின்றுகொண்டு, "ஏன் நீ மட்டும் எப்பவும் கடைசியா வர்ற? வெரசா எடுத்தா என்ன?" என்று சத்தம்போட்டுக் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அவ்வளவு வெரசான ஆளா இருந்தா வந்து அந்தப் பக்கம் பிடிங்க" என்றேன். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். கொழுந்து எடுப்பது பொம்பளை வேலை.  மனிதர் கத்தியைச் செடி அடியில் வைத்துவிட்டு ஏறி வந்து, நிரையின் அடுத்த பக்கத்தில் நின்று எடுக்க ஆரம்பித்தார். முற்றிய கரட்டு இலையும் காம்புமாகப் பிடுங்கினார், மடுவத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கியது நான்தான். கூட்டாளிகள் அவரைக் கேலி பண்ணாத நாள் இல்லை. ஆனாலும் வேலை முடிந்த பிறகு பல நாள் வந்தார். எனக்கு அவர் மேல் உண்மையான பிரியம் வந்தது கல்யாணத்தன்று இல்லை, அந்த நிரையில்தான். பொத்துவிலிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைக் கேட்டேன், ஏன் அன்றைக்கு ஏறி வந்தீர்கள் என்று. வெளியே பார்த்துக்கொண்டே, "மொத ஆளா வந்து தனியா உக்காந்திருக்கிறது எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீ கூப்பிட மாட்டியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் கழித்து எனக்குச் சொல்கிறார், பார்.

ஆகவே என் முதல் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன். வளர்மதி அடுப்புக்கும் படுக்கைக்கும் ஆசைப்பட்டு வெள்ளையைக் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். உன்னோடு ஏறிப் போகக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்துக் கேட்கிறாள். நீயோ அவளுக்குக் கடல் ஓட்டம் பிடிக்காது, படுத்துக்கொண்டு போகத்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மேல்தட்டைத் தட்டிப் பார்த்து மரம் காய்ந்திருந்தால் நீலத்தையே வாங்கு என்பேன். ஆனால் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகரைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டு முன் பாய்க் கயிற்றை அவள் கையில் கொடு. அவள் தவறவிடுவாள், பந்தயத்தில் நீ கடைசியாக வருவாய், கூட்டாளிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைத் தாங்க உன்னால் முடியாது என்றால், சேகர்தான் உனக்கு இரண்டாவது ஆள் என்றால், அவள் கேட்கிற வெள்ளையை வாங்கிக் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. நீ மேலே சுக்கானோடு தனியாக இருப்பாய், அவள் கீழே உனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு வாழ்க்கைக்கு அந்தப் பெண் கடலுக்குப் போக வேண்டியதில்லை, இங்கே நம் லயத்துக்கே வந்திருக்கலாம்.

அவளிடம் போய்க் கேள், தம்பி. அப்பாவைப் போல அவள் கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. அவள் தன் பங்குக்கு எனக்கே கடிதம் எழுதி, என் வரைக்கும் கூப்பிட்டாயிற்று. கேட்ட பிறகு எந்தப் போட் என்று எனக்கு எழுத வேண்டாம். தேதியை மட்டும் எழுது.

அம்மா